கல் சொன்னதும் ஏடு சொன்னதும்

“செத்துப்போன வெள்ளைக்காரனோட அப்பன் பேரைத் தேடி என்னய்யா பண்ணப்போற? உன் பூட்டன் பேரு தெரியுமா உனக்கு?”

பாயான் லெப்பாஸ் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அம்மாச்சி கேட்ட கேள்வி இது. பினாங்கின் பழைய கல்லறைகளைப் பற்றி வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்வதற்காக நான் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து ஜார்ஜ்டவுனுக்குப் போய் வந்துகொண்டிருந்த நேரம். மணிக்கணக்காக மைக்கில் பேசிப் பழகியவன்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பூட்டன் பெயர் எனக்குத் தெரியாது. “கங்காணியாக இருந்தவர்” என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாச்சியின் கேள்வியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன்.

நார்தாம் ரோடு என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிற சுல்தான் அகமட் ஷா சாலையில் இருக்கிறது அந்தப் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம். வாகன இரைச்சலுக்குப் பக்கத்திலேயே ஒரு நிசப்தம். மலாய்க்காரர்கள் கெம்போஜா என்று சொல்லும் மரங்கள் வெள்ளைப் பூக்களை உதிர்த்துக்கொண்டிருக்கின்றன. பாசி படிந்த கற்களில் ஆளுநர்கள், பாதிரியார்கள், கப்பல் தலைவர்கள், பிறந்து சில மாதங்களே வாழ்ந்த குழந்தைகள். இவர்களில் பலருடைய சந்ததியினர் இன்றும் இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தேடிக்கொண்டு வருகிறார்கள். எப்படி அவர்களால் முடிகிறது?

இரண்டு சாட்சிகள்

அவர்களிடம் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று ஏடு, இன்னொன்று கல்.

1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார். இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் ஓர் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. 1598 முதல் அந்த ஏடுகளின் நகலை ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்புவதும் கட்டாயமானது. அரசாங்கமே பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியது 1837-இல்தான். அதுவரை முந்நூறு ஆண்டுகளுக்கு, ஒரு மனிதன் பிறந்தான், வாழ்ந்தான் என்பதற்குக் கோயில் ஏடே சாட்சி.

கல் வேறு வகை. இங்கிலாந்தில் ‘ஜெண்ட்ரி’ என்று ஒரு வர்க்கம் உண்டு. பிரபுப் பட்டம் இருக்காது. ஆனால் நிலம் இருக்கும், மாளிகை இருக்கும், குலச்சின்னம் இருக்கும். நம் ஊர் மிராசுதார், பண்ணையார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்தார் தேவாலயத்துக்கு உள்ளேயே, முடிந்தால் பீடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கமாவார்கள். மேலே பளிங்குக்கல், அதில் குலச்சின்னம், இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்ற விவரம். சாதாரண உழவனுக்கு வெளியே புல்தரைதான்.

பொய்யாகக் குலச்சின்னம் போட்டுக்கொள்பவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். 1530 முதல் 1688 வரை ஹெரால்டு என்னும் அரசு அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், வம்சாவளியைக் கேட்டு எழுதி, தகுதி இல்லாதவர்களை நீக்கியிருக்கிறார்கள். கௌரவத்துக்காகக் கதை கட்டுவது ஏதோ நம்மவர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல!

ஆக, கல் என்பது குடும்பத்தார் ஊருக்குச் சொல்ல விரும்பியது. ஏடு என்பது பாதிரியார் அன்றன்று எழுதி வைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்தத் தேடலின் சூட்சுமம்.

கடல் தாண்டி வந்த ஏடு

கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேறியபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. சென்னை செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-இல் திறக்கப்பட்டது. அதன் ஏட்டில் பதிவான முதல் திருமணம், பின்னாளில் சென்னையின் ஆளுநராகி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த எலிஹு யேலுடையது. 1753-இல் ராபர்ட் கிளைவின் திருமணமும் அங்கேதான். கம்பெனிப் பகுதிகளில் எழுதப்பட்ட தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கும் போயின. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இந்த நகல்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய பொய்யை உடைக்கப்போவது இவைதான்.

நம் ஜார்ஜ்டவுனில் லெபோ ஃபார்குவாரில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே நடந்த முதல் திருமணம் அதே ஆண்டு ஜூன் 30-இல். மாப்பிள்ளை வில்லியம் எட்வர்ட் ஃபிலிப்ஸ். மணமகள் அப்போதைய ஆளுநர் பானர்மேனின் மகள் ஜேனட். அடுத்த ஆண்டே பானர்மேன் காலராவில் இறந்தார். நார்தாம் ரோட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அவருக்குப் பின் பினாங்கை ஆண்டவர் அதே மருமகன் ஃபிலிப்ஸ். ஒரு கல்யாணப் பதிவையும் ஒரு கல்லறையையும் சேர்த்துப் படித்தால், ஓர் ஆட்சி மாற்றமே நம் கண்முன் வந்துவிடுகிறது.

தந்தை பெயர் இல்லாத ‘தந்தை’

அதே தேவாலய வளாகத்தில் ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. பினாங்கு குடியேற்றத்தின் நூற்றாண்டுக்காக 1886-இல் எழுப்பியது. உள்ளே பிரான்சிஸ் லைட்டுக்குப் பளிங்குக்கல். அவரை ‘எஸ்கொயர்’ என்று கௌரவிக்கிறது அந்தக் கல். அது ஜெண்ட்ரி வர்க்கத்தாருக்கு உரிய அடைமொழி. சஃபோக் மாவட்டத்தில் பிறந்தவர், 1794 அக்டோபர் 21-இல் இறந்தவர், இந்தத் தீவு மக்களைத் தந்தை போலப் பார்த்துக்கொண்டவர் என்றெல்லாம் புகழ்கிறது. ஆனால் அவருடைய தந்தை யார் என்று சொல்லவில்லை.

சஃபோக்கில் டாலிங்கூ என்ற சிற்றூரின் ஏடு, 1740 டிசம்பர் 15-இல் பிரான்சிஸ் லைட்டுக்கு ஞானஸ்நானம் நடந்ததைச் சொல்கிறது. தாயின் பெயர் மேரி லைட். அந்த வட்டாரத்து நிலக்கிழார் வில்லியம் நீகஸ்தான் தந்தை என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. பையனை ஆதரித்துப் படிக்க வைத்தவர் அவர். தந்தையா, வெறும் பாதுகாவலரா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அந்தப் பையன் கடற்படைக்குப் போனான். பிறகு சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் ஆளாக இந்தப் பக்கம் வந்தான். 1786 ஆகஸ்ட் 11-இல் பினாங்கில் கொடியேற்றினான். தன் தோட்டத்துக்குச் சஃபோக் என்றே பெயர் வைத்தான். ஆயர் ஈத்தாம் சாலையில் இன்றும் நிற்கும் சஃபோக் ஹவுஸ் அந்த நிலத்தில் எழுந்ததுதான். பிறந்த ஊர் எந்தத் தந்தை பெயரையும் தராவிட்டாலும், ஊர்ப்பெயரை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

அவரோடு வாழ்ந்த பெண் மார்ட்டினா ரொசெல்ஸ். தேவாலயத் திருமணப் பதிவு எதுவும் கிடைத்ததில்லை. போர்த்துகீசிய-சயாமிய வழி வந்தவர் என்கிறார்கள். கெடா அரச குடும்பம் என்போரும் உண்டு. அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு உறுதியான சாட்சி, லைட் எழுதிய உயில். அதில்தான் 1772 முதல் ஒன்றாக வாழ்வதைச் சொல்லி, அவருக்குச் சொத்து எழுதி வைத்திருக்கிறார்.

இவர்களுடைய மகன் வில்லியம் சிறு வயதிலேயே சஃபோக்குக்கு அனுப்பப்பட்டு, தெபர்டனில் டவ்டி என்ற ஜெண்ட்ரி குடும்பத்தில் வளர்ந்தார். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரைத் திட்டமிட்டவர் அவர்தான். கார்ன்வாலிஸ் கோட்டையில் நாம் பார்க்கிற லைட்டின் சிலை 1936-இல் வந்தது. அப்பாவின் ஓவியம் எதுவும் இல்லாததால், மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்துத்தான் வடித்தார்கள் என்று சொல்வார்கள். பெயரில் தந்தை இல்லாதவருக்கு முகத்தைக் கொடுத்தது மகன்!

மேஜராகிப் போன எழுத்தர்

நார்தாம் ரோடு கல்லறைத் தோட்டத்துக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் லைட்டுக்கு அடுத்து விசாரிப்பது தாமஸ் லியோனோவன்ஸ் கல்லறையைத்தான். 1859 மே மாதம், 31 வயதில் இறந்தவர். சயாம் மன்னர் மோங்குட்டின் அரண்மனையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆன்னாவின் கணவர். ஹாலிவுட் படமெல்லாம் வந்த கதை.

ஆன்னா உலகத்துக்குச் சொன்ன கதை இது: பிறந்தது 1834-இல், வேல்ஸ் நாட்டில். அப்பா ராணுவத்தில் கேப்டன். கணவர் ராணுவ மேஜர், சிங்கப்பூரில் புலி வேட்டைக்குப் போய் வெயில் தாக்கி இறந்தார்.

1970-களில் பிரிஸ்டோவ் என்ற ஆங்கிலேயர் ஆன்னாவின் மகன் லூயிஸைப் பற்றிப் புத்தகம் எழுதத் தொடங்கினார். அவர் சிலந்திப்பூச்சி ஆராய்ச்சியாளர். லூயிஸின் பிறப்புப் பதிவை லண்டனில் தேடினார், கிடைக்கவில்லை. ஒரு நூலைப் பிடித்தால் விடாத சிலந்தி புத்தி அவருக்கும் இருந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த அந்தப் பழைய நகல் ஏடுகளுக்குப் போனார். மொத்தக் கதையும் அவிழ்ந்தது.

ஆன்னா பிறந்தது 1831-இல், மகாராஷ்டிராவின் அகமத்நகரில். அப்பா எட்வர்ட்ஸ் வெறும் சார்ஜன்ட். மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். தாய்வழியில் இந்திய ரத்தமும் கலந்திருந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கணவர் மேஜர் அல்ல, எழுத்தர். பெயரே தாமஸ் லியோன் ஓவன்ஸ். 1849 கிறிஸ்துமஸ் அன்று புனேயில் திருமணம். ‘லியோன்’, ‘ஓவன்ஸ்’ இரண்டும் ஒட்டிக்கொண்டு லியோனோவன்ஸ் ஆனது பிறகுதான். புலியும் இல்லை, வேட்டையும் இல்லை. பினாங்கில் தங்கும் விடுதி நடத்தியபோது திடீரென இறந்துபோனார்.

பினாங்குக் கல்லில் ராணுவப் பதவி எதுவும் இல்லை. ஆன்னா 1915-இல் கனடாவின் மொன்ட்ரியலில் இறந்தார். அங்கே அவருடைய கல்லில், மேஜர் தாமஸ் லியோனோவன்ஸின் அன்பு மனைவி என்று பொறித்திருக்கிறது. ஒரே மனிதருக்கு ஒரு கண்டத்தில் பதவி இல்லை, இன்னொரு கண்டத்தில் பதவி உயர்வு!

முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் கல்லறை முன்னால் நின்றபோது சிரிப்பு அடங்கிவிட்டது. இருபத்தேழு வயதில் கணவனை இழந்து, கையில் காசில்லாமல், இரண்டு பிள்ளைகளோடு நின்ற பெண். இந்தியாவில் பிறந்த சார்ஜன்ட் மகள், கலப்பினம் என்று தெரிந்தால் அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சமூகம் அவளிடம் எந்தப் பிள்ளையைப் படிக்க அனுப்பியிருக்கும்? அந்தப் பொய்தான் அவளுக்கு வேலை தந்தது, பிள்ளைகளுக்குச் சோறு போட்டது.

கல்லும் இல்லை, ஏடும் இல்லை

இவ்வளவும் பெயர் உள்ளவர்களின் கதை. செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டிய கைகள் யாருடையவை? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளுடையவை. உள்ளே சுவரில் கம்பெனி அதிகாரிகளுக்கு நினைவுக்கல் இருக்கிறது. சுவரை எழுப்பியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

எங்கள் பாயான் லெப்பாஸ் கடற்கரையில் நின்றால் எதிரே தெரிவது ஜெரெஜாக் தீவு. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த நம் முன்னோர் பலரைத் தொற்றுநோய் பயத்தால் முதலில் இறக்கி வைத்த இடம். அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு, ரஷ்ய மாலுமிகளுக்கு. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்டு, ‘எம்டன்’ என்ற சொல்லையே தமிழுக்குத் தந்துவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல், அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. அதில் இறந்தவர்களுக்கான கல் அது. அந்தத் தீவில் காய்ச்சலோடு இறங்கி, கரையையே பார்க்காமல் போன தமிழனுக்கு யார் கல் வைப்பது?

அதற்காக நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று கை விரித்துவிடக் கூடாது. நகரத்தாரைப் பாருங்கள். ஒன்பது கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். திருமணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். திருமணமானதும் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கில் ஏறும். ஆங்கிலேயரின் பங்கு ஏட்டுக்கு இணையான ஏற்பாடு இது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. அதில் பெற்றோர் பெயரோடு ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவாகவே இருப்பார்கள்.

தோட்டத்துக் குடும்பமா? பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமைப் பத்திரம், கப்பல் டிக்கெட், தோட்டத்துப் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, ஊரிலிருந்து வந்த கடிதத்தின் உறை என்று எதையும் குப்பையில் போடாதீர்கள். கடித உறையில் இருக்கும் தபால் முத்திரை ஒன்றே சொந்த ஊரைக் காட்டிக் கொடுத்துவிடும். தொலைந்த பத்திரங்களுக்குத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

எழுத்துப் பிழையைக் கண்டு மட்டும் மலைத்துவிடாதீர்கள். லியோன் ஓவன்ஸ் லியோனோவன்ஸ் ஆன மாதிரி, நம் முனியாண்டியையும் கிராணி தன் காதில் விழுந்தபடியேதான் எழுதியிருப்பார். ஒரே குடும்பத்தில் அண்ணன் பத்திரத்தில் ஒரு மாதிரி, தம்பி பத்திரத்தில் இன்னொரு மாதிரி இருக்கும். வாய்விட்டு உரக்கப் படித்துப் பாருங்கள், ஒரே பெயர்தான் என்பது புரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் பேசுங்கள். காகிதம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

பிஸ்கட் டின்

நானும் அதைத்தான் செய்தேன். அம்மாச்சியின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. கல்யாணப் பத்திரிகைகள், பழைய ரசீதுகள், அடியில் பிளாஸ்டிக் உறையில் அம்மாச்சியின் பிறப்புப் பத்திரம். நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டம். தகப்பன் பெயர் என்ற இடத்தில், கிராணியின் காதில் விழுந்தபடி, என் பூட்டன் பெயர். ஒரு வாரமாகச் சட்டைப்பையில் கிடந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன்.

அடுத்த கட்டத்தில் கண் போனது. தொழில்: கூலி.

கங்காணி இல்லை. நாங்கள் சிறுவயதில் பெருமையாகச் சொல்லித் திரிந்த கங்காணிப் பரம்பரை, அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பிறகு தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினேன்.

அம்மாச்சி அசரவே இல்லை. “தெரியும்யா. உன் தாத்தா வீட்லேர்ந்து என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்ப, எங்க சின்னையா சொன்ன வார்த்தை அது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கொஞ்சம் வசதி. கூலிக்காரன் மவன்னா வேணாம்னுடுவாங்கன்னு, எங்கண்ணன் கங்காணியா இருந்தவருன்னுட்டாரு. எங்கப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. ஒண்ணும் பேசல. தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு.”

எனக்கு மொன்ட்ரியல் கல்லறை ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு மேஜர் பதவி, ஒரு மகளுக்காக வாங்கியது.

நோட்டில் இரண்டையும் எழுதினேன். பத்திரத்தின்படி கூலி. குடும்பத்தார் சொன்னது கங்காணி. பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். ஒன்றை அடித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்திருந்தால், அந்தத் தலைகுனிவு கணக்கில் வராமலே போயிருக்கும்.

“என்ன எழுதுன, படி,” என்றார். படித்தேன்.

“இதையும் எழுதிக்க. அம்மா இல்லாத பிள்ளை நானு. விடியறதுக்கு முன்ன எழும்பி, பால்மரம் வெட்டப் போறதுக்குள்ள எனக்குத் தலை வாரிப் பின்னி விட்டுட்டுத்தான் போவாரு எங்கப்பா. லயத்துல வேற எந்த ஆம்பளையும் அதைச் செஞ்சு நான் பார்த்ததில்ல.”

எழுதிக்கொண்டேன்.